ஒற்றை விசில்

ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும். இரண்டு அடித்தால் புறப்படும். பேருந்தில் போயிருக்கிற எவருக்கும் தெரிந்ததுதான். எங்கள் தெருவில் அந்த விசிலுக்கு வேறு வேலை இருந்தது. காலையில் வாசலில் இரட்டை விசில் கேட்டால் உள்ளே இருப்பவர் பதில் சத்தம் கொடுக்க வேண்டும். தட்டைத் தட்டலாம், இருமலாம், திட்டலாம். திட்டுவதையே பலர் விரும்பினார்கள். பதில் வராவிட்டால் ஒற்றை விசில். அதைக் கேட்டதும் தெருவில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

விசில் அடித்தவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டோம். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பேருந்தில் வேலை பார்த்தே ஓய்வுபெற்றவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் பஸ் நீளத்துக்கு இருக்கும். பை மாட்டி மாட்டி இடது தோள் சற்று இறங்கியிருந்தது. நிற்கும்போது கால்களை அகட்டி வைத்துக்கொள்வார், அடுத்த நொடி தரை ஒரு வளைவில் திரும்பும் என்பதுபோல. எதையும் பிடித்துக்கொண்டு அவர் நின்று நான் பார்த்ததில்லை. பிடித்துக்கொள்ள யாராவது கை கொடுத்தால் அந்தக் கையை முறைப்பார்.

மலை ஏறும் சாலையில் சமதளம் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தெருவில் பிறந்தவர்கள் ஓசூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள், பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவராக. பத்திரிகை வேலை முடிந்து நான் ஊர் திரும்பியபோது என் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

விசில் தொடங்கியது ஒரு சாவுக்குப் பிறகு. தெருக்கோடியில் தனியாக இருந்த ஒருவர் இறந்தார். வாசலில் பால் பாக்கெட்டுகள் எடுக்கப்படாமல் சேர்ந்த பிறகுதான் அது தெரிந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்த ஈரத்தோடு கண்டக்டர் நடுத்தெருவில் நின்றார்.

"பஸ்ல ஒரு ஆள் கொறஞ்சா நான் வண்டிய எடுக்க வுட்டதில்ல. நம்ம தெருவுல ஒரு ஆள் கொறஞ்சது பால்காரனுக்குத்தான் தெரிஞ்சிகீது. நாமெல்லாம் பக்கத்து வூடாம். த்தூ!"

மறுநாள் விடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்து விசில் அடித்தார். முதல் நாள் யாரும் பதில் தரவில்லை. வீட்டுக்கு வீடு நின்று, பதில் வருகிறவரை அடித்தார். என் வாசலில் அடித்தபோது கதவைத் திறந்து, "இன்னா கண்டக்டரே இது?" என்றேன். "உயிரோட கீற இல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

பெரிசுக்கு ரிட்டயர் ஆனது இன்னும் உறைக்கவில்லை என்று டீக்கடையில் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் வார்டு உறுப்பினர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பக்கத்துத் தெருக்காரர்கள் புகார் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணா, நைட் ஷிப்ட் முடிச்சி வந்து படுக்கறாங்களாம். காலங்காத்தால விசில் அடிக்கறீங்களே."

"ஆடி மாசம் பூரா ஸ்பீக்கர் கத்துதே, அப்ப தூங்குவாங்களா?"

"அது சாமிக்குண்ணா."

"இது ஆசாமிக்கு. ஆசாமி செத்துட்டா நீதான் வந்து மாலை போட்டு போட்டோ எடுத்துக்குவ. உயிரோட கீறப்போ நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு." அவர் கிளம்புவதற்கு இரண்டு விசில் அடித்தார். வண்டியும் கிளம்பியது.

விசிலோடு முடிந்துவிடவில்லை. யாருக்கு எது முடியும் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். முடியாது என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்ற சரோஜாம்மா, உடம்பு முடியாதவர் வீட்டுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். எனக்குக் கண்ணாடி போட்டால் பொடி எழுத்தும் தெரியும் என்பதால் மாத்திரை அட்டை படிக்கிற வேலை. மாட்டுத் தரகர் முனுசாமிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. கட்டிலை விட்டு இறங்குவதே பெரும்பாடு. "எனக்கின்னா வேல குடுப்ப நீ?" என்று அவர் கேட்டார். அவருடைய கட்டில் குழாயடிக்கு நேர் எதிரே ஜன்னலோரம் கிடந்தது. குழாயில் பஞ்சாயத்துத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வந்ததும் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பது முனுசாமியின் வேலையானது. மாட்டுச் சந்தையில் கத்திய தொண்டை, வீணாகவில்லை.

"இந்த வண்டியில ஓசி கெடையாது" என்பார் கண்டக்டர். "வாங்கறவன் குடுக்கணும். குடுக்காம வாங்கனா அது பிச்ச. நம்ம தெருவுல பிச்சக்காரன் எவனும் இல்ல."

அவர் மலை வண்டியில் இருந்த நாளில் நடந்த ஒன்றை ஒரு பழைய ஓட்டுநர் எனக்குச் சொன்னார். மலைக்காரக் கிழவர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டு, அவரை இறக்கிவிடச் சொன்னார்கள். அடுத்த வண்டியில் வரட்டும் என்றார்கள். கண்டக்டர் வண்டியின் தரையைக் கழுவித் துடைத்தார். தன் இருக்கையில் கிழவரை உட்காரவைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "அவர் டிக்கெட் எடுத்த ஊர் இன்னும் வரல. நாத்தம் புடிக்காதவங்க எறங்கிக்கலாம். கதவு தொறந்துதான் கீது." காட்டு நடுவே யார் இறங்குவார்கள்? இரண்டு விசில் அடித்தார்.

சரோஜாம்மாவுக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. முனுசாமிக்குப் போன சாம்பாரை ஒருமுறை கண்டக்டர் தண்ணீர் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை சரோஜாம்மா வீட்டிலிருந்து பதில் வரவில்லை. மறுபடி இரட்டை விசில், அமைதி. ஒற்றை விசில் அடித்தார். நாங்கள் ஓடினோம். முனுசாமி ஜன்னல் வழியாக, "கடப்பாரை எடுத்துகினு போங்கடா" என்று கத்தினார். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தது. உள்ளே சரோஜாம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"செத்துட்டேன்னு நெனச்சியா?"

"செத்தாலும் உன் வாய் மூடாது. சத்தமே வரலன்னதும் இன்னாவோ ஆயிடுச்சின்னுதான் பயந்துட்டேன்."

"என் கதவ ஒடச்சிட்டியேய்யா, பாவி!"

"சண்ட போடு. திட்டு. மண்ண வாரித் தூத்து. ஆனா பதில் குடு. கோவத்துக்கு தனி சத்தம் வச்சிக்கோ."

தாழ்ப்பாளைக் கண்டக்டரே சரிசெய்து கொடுத்தார். அன்றிலிருந்து சரோஜாம்மா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துப் பதில் சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டே அன்றைக்கு இருவருக்கும் எந்த அளவு சண்டை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய பிடிவாதத்தின் முழு அளவை நான் பார்த்தது முனுசாமியின் மகன்கள் காரோடு வந்த அன்று. ஒருவர் ஓசூர், ஒருவர் திருப்பூர். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். முனுசாமி கட்டிலில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் உள்ளே வந்தார்.

"எங்க எறங்கணும்னு அவர கேட்டீங்களா?"

"இன்னா மாமா இது? பெத்தவர நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றார் மூத்தவர்.

"பாத்துக்குவ. நான் அத கேக்கல. பஸ்ல ரெண்டு தினுசு ஏறும். லக்கேஜு, பாசெஞ்சரு. லக்கேஜ எங்க ஏத்தறது, எங்க எறக்கறதுன்னு அதக் கேக்க வேணாம். பாசெஞ்சர கேக்கணும். உங்கப்பன் எந்த தினுசுன்னு சொல்லிட்டு கூட்டினு போ."

மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் தகப்பன் பக்கம் திரும்பி, "நைனா, வர்றியா?" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

முனுசாமி ஜன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்தார். "எனக்கு தண்ணி பாக்கற வேல கீதுடா" என்றார்.

கார் அவரை விட்டுவிட்டுப் போனது. எல்லோரும் அப்படித் தங்கிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். இதே கேள்விக்கு ஓர் அம்மாள், "எனக்கு என் பொண்ணாண்ட போவணும், கண்டக்டரே" என்றார். கண்டக்டர் மறுபேச்சில்லாமல் அவருடைய பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். சன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். இரண்டு விசில் அடித்தார். போவதும் இருப்பதும் அவருக்கு ஒன்றுதான். கேட்காமல் ஏற்றுவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தன் சட்டத்தைத் தானே மீறினார். தெருவில் எல்லா வாசலிலும் விசில் அடித்தவருக்கு யாரும் விசில் அடிக்கவில்லை. மனைவி போன பிறகு அவரும் தனி ஆள்தான். உங்கள் வாசலில் யார் அடிப்பது என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்டக்டருக்கு எவன்யா டிக்கெட் கிழிப்பான்?" என்று சிரித்தார். சரோஜாம்மா கொடுத்தனுப்பும் குழம்பைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிறகு அந்தக் காலை வந்தது. இரவெல்லாம் மழை. மலைக்குப் போகும் முதல் வண்டி திருப்பத்தில் ஹாரன் அடித்துப் போய்விட்டது. விசில் வரவில்லை. நான் விழித்துதான் இருந்தேன். மழையால் தாமதம் என்று நினைத்தேன். சரோஜாம்மா தட்டும் கரண்டியுமாகக் கதவருகே நின்றிருந்ததாகப் பிறகு சொன்னார். வீட்டுக்கு வீடு நாங்கள் காத்திருந்தோம். பதில் சொல்லத்தான் பழகியிருந்தோம், கேட்கப் பழகவில்லை.

வெயில் ஏறிய பிறகு முனுசாமியின் குரல் கேட்டது. "தண்ணி வந்துடுச்சி!" குடங்கள் போய் வரிசையில் நின்றன. சிறிது நேரத்தில் அதே குரல் வேறு மாதிரி கத்தியது. "எல்லார் கொடமும் வந்துச்சி. கண்டக்டர் கொடம் வரலியே! யாராவது போய்ப் பாருங்கடா!"

தோட்டத்தில் துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எடுக்கப் போன காக்கிச் சட்டை நனைந்து தலைக்கு மேலே கொடியில் தொங்கியது. விசில் அதன் பையில் இருந்தது. கை நீட்டினால் எட்டாத உயரம். கத்திக் கத்திப் போயிருந்தது அந்தப் பஸ் நீளக் குரல். மழைச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார், காற்றாக.

"நீ விசில் அடிக்கலியேய்யா!" என்று சரோஜாம்மா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து பிளேட் வைத்தார்கள். சென்னையிலிருந்து கண்டக்டரின் மகன் வந்து கூடவே இருந்தார். எழுந்து நடக்க நாளாகும், பழையபடி நடப்பது சந்தேகம் என்றார்கள். துணிமணிகளை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போவதற்காக இருவரும் ஊருக்கு வந்தார்கள். மகனுடைய வீடு நான்காவது மாடியில் இருந்தது.

கண்டக்டர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வாயே திறக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. சரோஜாம்மா கஞ்சி கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா. திருப்பிக் குடுக்க என்னாண்ட இன்னா கீது? நானே இப்ப லக்கேஜு."

சரோஜாம்மா கஞ்சியோடு தோட்டத்து வழியாக வெளியே வந்தார். வரும் வழியில் கொடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சட்டைப் பையில் கையை விட்டார்.

மகனும் வாடகைக் கார் ஓட்டுநரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் பின்னிருக்கையில் கால் நீட்டிப் படுக்கவைத்தார்கள். தெருவில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் நின்றிருந்தோம். மகன் என்னிடம் சொன்னார்: "சார், நீங்க எல்லாரும் வயசானவங்க. இன்னொரு தடவ விழுந்தார்னா யார் தூக்குவாங்க?" அது நியாயமான கேள்வி.

கார் புறப்பட்டது. ஒற்றை விசில் கேட்டது.

ஓட்டுநர் யாரோ. ஆனால் இந்தப் பக்கத்து ஆள். கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும். கார் குலுங்கி நின்றது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு சரோஜாம்மா பின் சன்னலுக்கு வந்தார்.

"எங்க எறங்கணும்?"

கண்டக்டர் மலைப் பக்கம் பார்த்தார். "வுடும்மா."

"போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. கேக்கறேன். நீ லக்கேஜா, பாசெஞ்சரா? லக்கேஜுன்னா சொல்லு, கயிறு எடுத்துகினு வர்றேன். உன்ன கார் மேல கட்டி வுடறேன்."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். மகன் சிரிக்காமல் இருக்க முயன்றார்.

"படுத்துகினு கெடக்கறவனுக்கு சும்மா சோறு போடுவியா நீ?"

"சும்மா எவ போடறா? இனிமே நான் விசில் அடிச்சிகினு போறேன். எனக்கு காது மந்தம். எந்த வூட்ல சத்தம் வந்துச்சி, எந்த வூட்ல வரலன்னு எனக்குத் தெரியாது. நீ ஜன்னலாண்ட படுத்துகினு எண்ணு. ஆள எண்ணறதுதான உன் தொழிலு? இந்த வண்டியில ஓசி கெடையாது."

கண்டக்டர் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "உனக்கா காது மந்தம்? நாலு தெரு தள்ளி உன்னப் பத்திப் பேசனா இங்க கேக்குமே உனக்கு!"

"இன்னா? கேக்கல. சத்தமா சொல்லு."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவர் மகனைப் பார்த்தார்.

"டேய், நான் எறங்கிக்கறேன்டா."

"நைனா, மறுபடி விழுந்தா?"

"வுழுந்தப்போ நீயா கண்டுபுடிச்ச? முனுசாமிதான கண்டுபுடிச்சான்? எறக்குடா."

மகன் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். பிறகு கார் கதவைத் திறந்தார். குளிப்பாட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் பக்கத்து ஊரிலிருந்து தினமும் வந்துபோக ஓர் ஆளை ஏற்பாடு செய்த பிறகே சென்னைக்குப் போனார். அவருடைய கேள்விக்கான பதிலை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை சரோஜாம்மாவின் முதல் வாசல் கண்டக்டருடையது. இரண்டு விசில் அடித்தார். பதில் இல்லை. தெரு முழுவதும் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி இரண்டு. பதில் இல்லை. ஒற்றை விசிலுக்காக அவர் மூச்சை இழுத்தபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. பழைய நீளம் இல்லை. ஆனாலும் வந்தது.

"அடுப்பு ஊதறியா, விசில் அடிக்கறியா? மலை வண்டி டிரைவருக்கு இது எங்க கேக்கும்? அழுத்தி அடி!"

சரோஜாம்மா அழுத்தி அடித்தார். உள்ளே இரும்புக் கட்டிலில் உள்ளங்கை இரண்டு முறை அறைந்தது. "ரைட்!"

அதன்பிறகு அவர் எங்களை எண்ணினார். இருமலை வைத்து என்னையும், வசவை வைத்து முனுசாமியையும் கண்டுபிடித்தார். ஒருவர் பதில் பிந்தினால், "மூணாவது வூடு இன்னும் வரல, நிறுத்து!" என்று படுக்கையிலிருந்தே வண்டியை நிறுத்துவார். கஞ்சியில் உப்பில்லை என்பார். திருப்பி அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரோஜாம்மா கடப்பாரையோடு வருவதற்கு ஆசைப்படுகிறார் என்பது அவர் சொன்ன காரணம்.

மழைக்காலங்கள் சில போன பிறகு, ஒருநாள் காலையில் கண்டக்டர் வாசலில் இரட்டை விசிலுக்குப் பதில் வரவில்லை. சரோஜாம்மா மறுபடி அடித்தார். பிறகு நீளமாக ஒற்றை விசில். நாங்கள் எல்லோரும் போனோம். முனுசாமி இரண்டு கையிலும் தடி ஊன்றிக் கட்டிலை விட்டு இறங்கி வந்தார். கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. கண்டக்டர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். குளிர்ந்துபோன ஒரு கை கட்டில் சட்டத்தின்மேல் இருந்தது.

நாங்கள் உள்ளே நின்றிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அன்றைய பால் அப்போதுதான் வந்தது.